அமெரிக்கப் பல்கலைக்கழக இலக்கிய இதழுக்குப் படைப்பு அனுப்புவது எப்படி: தேர்வு முதல் அச்சு வரை

அமெரிக்காவில் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்கள், ஊரில் இருந்தபடியே ஆங்கிலத்தில் எழுதுபவர்கள், தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சில காலம் ஒரு பல்கலைக்கழக இதழில் முதல்நிலை வாசகராக இருந்தேன். வந்து குவியும் கதை, கவிதைகளை முதலில் படித்து, மேலே அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்கிற வேலை. அந்த வேலையில் என்னை மிகவும் உறுத்தியது, நல்ல எழுத்துகூட எழுதியவரே அதைச் சுற்றி அடுக்கி வைத்த முன்னுரைக்கும் விளக்கத்துக்கும் அடியில் புதைந்து வருவதுதான். தெற்காசியாவிலிருந்து வரும் படைப்புகளில் இதை அதிகமாகவே பார்த்தேன். அதனால் இந்த வழிகாட்டியில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதோடு, எதையெல்லாம் சேர்க்காமல் விட வேண்டும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில், அது யார் நடத்தும் இதழ்?

பல்கலைக்கழகப் பெயரைத் தாங்கிய இதழ்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. இதைப் பார்க்காமல் அனுப்பினால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

இளங்கலை மாணவர்களே நடத்தும் இதழ்கள் ஒரு வகை. ஹார்வர்ட் அட்வகேட் 1866-இல் தொடங்கியது, யேல் லிட்டரரி மேகஸின் அதற்கும் முந்தையது, 1836. இப்படிப்பட்ட இதழ்களில் பலவும் தங்கள் வளாகத்து மாணவர்களின் படைப்புகளுக்கே முதலிடம் தரும், சிலவற்றில் வெளியாட்கள் அனுப்பவே முடியாது. நீங்கள் அங்கே படிக்கும் மாணவர் என்றால் இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. போட்டி குறைவு, கட்டணம் பெரும்பாலும் இருக்காது, ஆசிரியர் குழுவில் இருப்பவர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசலாம். பொறியியல் படிக்கிறேன், என்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்று தயங்க வேண்டியதில்லை. எந்தத் துறையில் படிக்கிறீர்கள் என்று பெரும்பாலான மாணவர் இதழ்கள் கேட்பதே இல்லை.

இரண்டாவது வகை, எம்எஃப்ஏ (படைப்பெழுத்தில் முதுகலைப் பட்டம்) அல்லது முனைவர் பட்ட மாணவர்கள் நடத்துபவை. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிளாக் வாரியர் ரிவ்யூ, இந்தியானா ரிவ்யூ, சிகாகோ ரிவ்யூ எல்லாம் இதில் வரும். உலகின் எந்த மூலையிலிருந்தும் அனுப்பலாம், போட்டி கடுமை. மாணவர்கள் நடத்துவதுதானே என்று லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1958-இல் சிகாகோ ரிவ்யூவின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த படைப்புகளைப் பல்கலைக்கழக நிர்வாகம் தடுத்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் பதவி விலகி, பிக் டேபிள் என்று சொந்தமாக ஓர் இதழ் தொடங்கி, தடுக்கப்பட்ட படைப்புகளை 1959-இல் வெளியிட்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துக்காகப் பதவியைத் துறக்கிற அளவுக்கு அக்கறை உள்ளவர்கள் இந்த இதழ்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழகமோ கல்லூரியோ இடமும் பணமும் கொடுக்க, சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் நடத்தும் காலாண்டிதழ்கள். 1892-இலிருந்து வரும் சிவானி ரிவ்யூ, 1925-இல் தொடங்கிய வர்ஜீனியா குவார்ட்டர்லி ரிவ்யூ, 1939-இல் தொடங்கிய கென்யன் ரிவ்யூ போன்றவை. இங்கே உங்கள் கதை புகழ்பெற்ற எழுத்தாளர்களின் கதைகளோடு வரிசையில் நிற்கும். அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் முதல் முயற்சியை இங்கே மட்டும் அனுப்பிவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது நல்ல திட்டம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐயோவா பல்கலைக்கழகத்தின் எக்ஸ்சேஞ்சஸ் இலக்கிய மொழிபெயர்ப்புக்காகவே நடக்கும் இதழ். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட் லிட்டரேச்சர் டுடே 1927 முதல் பிறமொழி இலக்கியத்தை அமெரிக்க வாசகர்களுக்குக் கொண்டுவரும் இதழ். தமிழ் என்ற பெயரைப் பார்த்ததும் இது எங்கே பேசும் மொழி என்று கேட்காத ஆசிரியர்கள் இருக்கும் இடங்கள் இவை. ஓவியம், புகைப்படம், வடிவமைப்பு பக்கம் இருப்பவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நைன்த் லெட்டரைப் பாருங்கள். 2004-இல் தொடங்கியபோதே எழுத்துத் துறையும் கலைத் துறையும் கை கோத்து உருவாக்கிய இதழ் அது.

புதிய இதழ்களைத் தேட பொயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் தளத்தின் பட்டியல் இலவசம், சில் சப்ஸ் தளமும் அப்படியே பயன்படும். டுவோட்ரோப் பணம் கட்டிப் பார்ப்பது, தொடக்கத்தில் தேவையில்லை. வளாகத்தில் இருப்பவர்களுக்கு இலையுதிர்காலப் பருவத் தொடக்கத்தில் மாணவர் அமைப்புகள் மேசை போட்டு உட்காரும் நாள் ஒன்று வரும், அன்று இலக்கிய இதழின் மேசையைத் தேடிப் போய் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஓர் இதழாவது படித்துவிட்டு அனுப்புங்கள்

இந்த அறிவுரையை எல்லாரும் சொல்வார்கள், பெரும்பாலானோர் செய்ய மாட்டார்கள். படிப்பது என்றால் என்ன செய்வது என்று யாரும் விளக்குவதில்லை, அதுதான் பிரச்சினை. நான் சொல்வது இது: கடைசியாக வந்த இரண்டு இதழ்களை எடுங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், இல்லையென்றால் இணையத்தில் சில படைப்புகளாவது திறந்திருக்கும். எல்லாக் கதைகளின் முதல் பத்தியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். கதை எங்கிருந்து தொடங்குகிறது, யார் பேசுகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் ஒரு மனிதர் இன்னொருவரோடு முட்டிக்கொள்கிறார், எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். கவிதை என்றால் வரியின் நீளம், பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கும் விதம், உரைநடைக் கவிதைக்கு இடம் உண்டா என்று பாருங்கள். எதுகை மோனையோடு எழுதும் பழக்கம் உள்ளவர் ஓர் இதழில் ஒரே ஓர் இயைபுக் கவிதைகூட இல்லை என்று கண்டால் வேறு இதழ் தேட வேண்டும், தன் கவிதையைக் கலைத்து எழுத வேண்டிய அவசியமில்லை.

நான் படித்த குவியலில் குழந்தைகளுக்கான நீதிக்கதை வந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரை மேற்கோள் குறிப்புகளோடு வந்திருக்கிறது. எழுதியவர்கள் திறமையானவர்கள், அந்த இதழை ஒரு முறை புரட்டியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

விதிமுறைப் பக்கத்தை எப்படிப் படிப்பது

ஒவ்வோர் இதழுக்கும் அனுப்பும் விதிமுறைகள் என்று ஒரு பக்கம் உண்டு. அதிலிருந்து சில விஷயங்களைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது திறந்திருக்கிறார்கள் என்பது முதலில். மாணவர்கள் நடத்தும் இதழ்கள் பல்கலைக்கழக நாட்காட்டியோடு நகரும். ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் திறந்து குளிர்கால விடுமுறைக்கு முன் மூடுவார்கள், சில இதழ்கள் ஜனவரியில் மீண்டும் திறக்கும், கோடையில் பெரும்பாலும் ஆளே இருக்காது. இத்தனை படைப்புகள்தான் வாங்குவோம் என்று உச்சவரம்பு வைத்திருக்கும் இதழ்களும் உண்டு, வரம்பு நிறைந்ததும் அறிவித்த தேதிக்கு முன்பே கதவு சாத்தப்படும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது அளவு. கதைக்கு 5,000 அல்லது 6,000 சொற்கள் என்று உச்ச அளவு இருக்கும், குறுங்கதைக்குப் பெரும்பாலும் 1,000. கவிதை என்றால் 3 முதல் 5 வரை ஒரே கோப்பில் கேட்பார்கள். 6,000 என்று போட்டிருக்கும் இடத்தில் 6,400 சொல் கதையை அனுப்பி, நல்ல கதை என்றால் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம். வாசகர் அதைத் திறக்காமலேயே திருப்பி அனுப்பலாம், அனுப்புவார்.

முன்பே வெளிவந்ததா என்ற கேள்வியில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ வலைப்பூவிலோ போட்ட கவிதையை வெளியானதாகவே பல இதழ்கள் கருதும். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்டேன் என்பதை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு, ஆகவே அனுப்ப நினைக்கும் எதையும் முன்கூட்டியே பதிவிடாமல் இருப்பது உத்தமம். மொழிபெயர்ப்புக்குக் கணக்கு வேறு: தமிழ் மூலம் ஊரில் ஒரு சிற்றிதழில் வந்திருந்தாலும், ஆங்கில வடிவம் இதுவரை எங்கும் வராதது என்றால் பொதுவாக அது புதியதே. உங்கள் கதையை நீங்களே மொழிபெயர்த்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒரே படைப்பைப் பல இதழ்களுக்கு அனுப்பலாமா? பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன, வேறு எங்காவது ஏற்கப்பட்டால் உடனே சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். செயற்கை நுண்ணறிவு பற்றியும் இப்போது பல இதழ்கள் வெளிப்படையாக எழுதுகின்றன, அதைக் கொண்டு எழுதியதை ஏற்கமாட்டோம் என்று. மொழிபெயர்ப்பின் முதல் வரைவை மென்பொருளில் ஓட்டிவிட்டுச் சரிசெய்வதும் இதில் அடங்குமா என்று சந்தேகம் இருந்தால் அனுப்பும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்.

படைப்பை அனுப்பும்போது சில இதழ்கள் வாங்கும் வாசிப்புக் கட்டணம் 3 டாலர் அளவில் இருக்கும். இந்தியாவிலிருந்து கட்டுபவர்கள் தங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் பணம் போகாது. பத்து இதழ்களுக்குக் கட்டினால் மாணவருக்கு அது நல்ல தொகை. கட்டணம் இல்லாத இதழ்கள் ஏராளமாக இருக்கின்றன, கட்டணம் வாங்கும் இதழ்களில் சிலவும் மாதத்தில் சில நாள் இலவசமாகத் திறப்பார்கள். இதழ்கள் நடத்தும் பரிசுப் போட்டிகளுக்கான கட்டணம் என்பது வேறு, 20 டாலரைத் தாண்டியும் போகும். முதல் வருஷத்தில் போட்டிகளைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

படைப்பைத் தயார் செய்வது

விதிமுறையில் வேறு மாதிரி சொல்லாதவரை, கதைக்கும் கட்டுரைக்கும் டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளி, நாற்புறமும் ஓர் அங்குல ஓரம், பக்க எண். கவிதைக்கு ஒற்றை இடைவெளி, ஒவ்வொரு கவிதையும் புதிய பக்கத்தில். வேர்டில் தாளின் அளவு நம்மூரில் ஏ4 என்று இருக்கும், அதை அமெரிக்க லெட்டர் அளவுக்கு மாற்றிவிட்டு, நீளமான கவிதை வரிகள் எங்காவது மடிந்துவிட்டனவா என்று பாருங்கள். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை அமெரிக்க முறைக்கு மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, ஏதோ ஒன்றை முழுக்கப் பின்பற்றினால் போதும்.

பெயர் மறைத்துப் படிக்கும் இதழ் என்றால் உங்கள் பெயர் முதல் பக்கத்தில் மட்டுமல்ல, பக்கத் தலைப்பிலும் கோப்பின் பெயரிலும் இருக்கக் கூடாது. வேர்ட் கோப்பின் உள்விவரங்களில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் விஷயம். நம் சமையலும் சடங்கும் உறவுமுறையும் அமெரிக்க வாசகருக்குப் புரியாது என்ற பயத்தில் கதைக்குள்ளேயே விளக்கம் எழுதுகிறோம். "அம்மா ரசத்தை, அதாவது புளியும் மிளகும் சேர்த்துச் செய்யும் தென்னிந்தியச் சாற்றை, அவன் சோற்றில் ஊற்றினாள்" என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் யாருக்கு இந்த விளக்கம் தேவை? அம்மாவுக்கும் வேண்டாம், மகனுக்கும் வேண்டாம். விளக்கம் வந்த நொடியில் கதைசொல்லி அந்த வீட்டை விட்டு எழுந்து வந்து வாசகர் பக்கத்தில் நின்று கை காட்டுகிறார். அதையே, "அம்மா ரசத்தை ஊற்ற ஊற்ற, சோற்றில் அவன் குழித்து வைத்த பள்ளம் உடைந்து இலை ஓரம் வரை ஓடியது" என்று எழுதினால் ரசம் என்றால் நீர்த்திருக்கும், சோற்றின் மேல் ஊற்றுவார்கள், இலையில் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் படிப்பவருக்கே தெரிந்துவிடுகிறது, அந்த வேகத்தில் அம்மாவின் கோபமும் தெரியலாம். வாசகர் குழுவில் உட்கார்ந்திருக்கும் இருபத்து மூன்று வயது மாணவருக்கு ரசம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பரிமாறும் கையின் கோபத்தை அவர் உடனே பிடித்துக்கொள்வார்.

அதே காரணத்துக்காகக் கதையின் கடைசியில் சொற்பட்டியல் வைக்காதீர்கள். தமிழ்ச் சொற்களைச் சாய்வெழுத்தில் போட வேண்டியதில்லை, வேண்டுமென்றால் இதழே கேட்கும். தலைப்புக்குக் கீழே "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது", "என் பாட்டிக்குச் சமர்ப்பணம்" போன்றவையும் வேண்டாம்.

சரி, படைப்பு முடிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உரக்கப் படியுங்கள், நாக்கு தடுக்கும் வாக்கியம் எல்லாம் இன்னும் முடியாதவை. முதல் பக்கத்தை மூடிவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து யாரையாவது படிக்கச் சொல்லுங்கள், அவருக்கு எதுவும் குறையவில்லை என்றால் முதல் பக்கம் தேவையில்லை. பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது, வானிலையும் பயணமும் கண் விழிப்பதும் நிறைந்த அந்தப் பக்கம் எழுதுபவருக்குச் சூடேற்றிக்கொள்ளத் தேவைப்பட்டது, வாசகருக்கு அல்ல.

ஓவியமும் புகைப்படமும்

இதழின் பக்கம் 6 அங்குலம் அகலம், 9 அங்குலம் உயரம் என்று வைத்துக்கொண்டால், அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் உங்கள் படம் 1,800-க்கு 2,700 பிக்சலாவது இருக்க வேண்டும். சிறிய படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் எண்ணிக்கை வரும், தெளிவு வராது. வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தைச் சேமித்து அனுப்பவே கூடாது, அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கேமராவிலோ போனிலோ இருக்கும் மூலக் கோப்பையே எடுங்கள்.

ஓவியத்தைப் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷைப் போட வேண்டாம். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த நிழலான இடத்தில் சுவரில் மாட்டி, கேமராவை ஓவியத்தின் நடுப்பகுதிக்கு நேராக, சாய்க்காமல் பிடியுங்கள். எண்ணெய் வண்ண ஓவியத்தில் தடித்த தீற்றல்களின் மேல் வெள்ளைப் பளபளப்பு விழுகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள், விழுந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி இடத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஊடகம், உயர அகலம், வருடம் ஆகிய நான்கையும் தனித் தாளில் எழுதி இணையுங்கள். புகைப்படத்தில் முகம் தெரியும் மனிதர்கள் இருந்தால், அதிலும் குழந்தைகள் இருந்தால், சம்மதம் வாங்கியிருக்கிறீர்களா என்று இதழ் கேட்கும் முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துத் திருவிழாவில் எடுத்தது, அவர்களுக்குத் தெரியவா போகிறது என்று நினைப்பது சரியில்லை.

மொழிபெயர்ப்புக்கு மூன்று கூடுதல் வேலைகள்

முதலாவது அனுமதி. தமிழ்ப் பதிப்புலகில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமலேயே வந்த புத்தகங்கள் நிறைய, ஆகவே மொழிபெயர்ப்பு உரிமை எழுத்தாளரிடமா பதிப்பாளரிடமா என்று இருவரிடமும் கேட்டுவிடுவது பாதுகாப்பு. போனில் "தாராளமா செய்யுங்க" என்று அவர் சொன்னது போதாது, மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். எழுத்தாளர் இறந்துவிட்டால் வாரிசுகளைக் கேட்க வேண்டும், இந்தியச் சட்டத்தில் காப்புரிமை எழுத்தாளர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய படைப்பு என்றால் அதை இதழுக்குச் சொல்லுங்கள், ஆனால் அது தமிழ்நாட்டில் எடுத்த முடிவு என்பதால் அமெரிக்க இதழ் மேலும் கேள்வி கேட்கலாம், கேட்டால் கோபப்பட வேண்டாம்.

இரண்டாவது, மூலப் பிரதி. தமிழ் மூலத்தை இணைக்கச் சொல்லும் இதழ்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினால் அங்கே அது ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, இன்னொரு கணினியில் திறந்து கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. கேட்டால் மட்டும், சுருக்கமாக. எழுத்தாளரின் விருதுப் பட்டியலைவிட, இந்தக் கதையை மொழிபெயர்க்கும்போது எந்த இடத்தில் திணறினீர்கள், என்ன முடிவு எடுத்தீர்கள் என்று எழுதினால் ஆசிரியர்கள் ஆர்வமாகப் படிப்பார்கள்.

அறிமுகக் கடிதமும் பெயரும்

கடிதம் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது. "புனைகதை ஆசிரியர்களுக்கு வணக்கம். 3,200 சொற்கள் கொண்ட என் சிறுகதையை உங்கள் பரிசீலனைக்கு அனுப்புகிறேன். வேறு இதழ்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், எங்காவது ஏற்கப்பட்டால் உடனே தெரிவிக்கிறேன். படித்ததற்கு நன்றி." இந்தச் செய்தி ஆங்கிலத்தில் இருந்தால் போதும். அந்த இதழில் வந்த ஒரு படைப்பு உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒரு வரி சேர்க்கலாம். கதைச் சுருக்கம், கதையின் கருத்து, பேராசிரியர் பாராட்டியது, சிறுவயதிலிருந்தே எழுதும் ஆசை, எதுவும் வேண்டாம். இதுவரை எதுவும் வெளிவந்ததில்லை என்றால் அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். ஒரு புதியவரை முதன்முதலில் வெளியிடுவதை மாணவ ஆசிரியர்கள் பெருமையாகவே நினைப்பார்கள். தன்விவரக் குறிப்பு 50 சொல்லுக்குள், படர்க்கையில்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், நம்மிடம் தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் இருக்கும். விசாவுக்காக அப்பா பெயர் கடைசிக் கட்டத்தில் போயிருக்கும். எழுத்தில் எந்தப் பெயரில் வரப்போகிறீர்கள் என்று அனுப்புவதற்கு முன்பே முடிவு செய்து, ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா இடத்திலும் வையுங்கள். ஒரு கதை தலைப்பெழுத்தோடும் அடுத்தது அப்பா பெயரோடும் வந்தால் பின்னால் உங்களைத் தேடுபவர்களுக்கு இரண்டு பேராகத் தெரிவீர்கள். படிவத்தில் சட்டப்பூர்வப் பெயரைப் போட்டுவிட்டு, எந்தப் பெயரில் வெளியாக வேண்டும் என்று கடிதத்தில் சொன்னால் போதுமானது.

அனுப்பிய பிறகு

பெரும்பாலான இதழ்கள் சப்மிட்டபிள் என்ற தளத்தின் வழியாக வாங்குகின்றன, எழுத்தாளருக்குக் கணக்கு இலவசம். சிறிய மாணவர் இதழ்கள் கூகுள் படிவத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கும். சப்மிட்டபிளில் உங்கள் படைப்பின் நிலை "பெறப்பட்டது" என்பதிலிருந்து "பரிசீலனையில்" என்று மாறும்போது எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரோ ஒருவருக்கு அது ஒதுக்கப்பட்டிருக்கலாம், ஒரு வாக்கு விழுந்திருக்கலாம், அவ்வளவுதான், அதை வைத்து எதையும் கணிக்க முடியாது.

உள்ளே நடப்பது பெரும்பாலும் இப்படி: இரண்டு மூன்று முதல்நிலை வாசகர்கள் தனித்தனியாகப் படித்து ஆம், இல்லை, பேசலாம் என்று குறிப்பார்கள். பேசலாம் என்று வந்தவை கூட்டத்துக்குப் போகும். ஒருவராவது அந்தக் கதைக்காகப் பிடிவாதமாக வாதாடினால்தான் அது மேலே நகரும், எல்லாருக்கும் ஓரளவு பிடித்த கதை பல நேரம் அங்கேயே நின்றுவிடும். இதனால்தான் நான் படைப்பைப் பட்டை தீட்டிப் பட்டை தீட்டி மொண்ணையாக்கிவிடாதீர்கள் என்று சொல்வது. யாரோ ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அதில் ஒரு விசித்திரம் மிச்சம் இருக்க வேண்டும்.

பதில் வர மூன்று முதல் ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருஷம்கூட ஆகலாம். எத்தனை நாளுக்குப் பின் விசாரிக்கலாம் என்று விதிமுறையில் இருந்தால் அதுவரை எழுத வேண்டாம். ஒரு விரிதாளில் படைப்பு, இதழ், அனுப்பிய தேதி, கட்டணம், பதில் என்று குறித்து வையுங்கள், ஐந்து இடத்துக்கு மேல் போனால் ஞாபகத்தை நம்ப முடியாது. கவிதைத் தொகுப்பில் ஒரே ஒரு கவிதை வேறிடத்தில் ஏற்கப்பட்டால் முழுக் கோப்பையும் திரும்பப் பெற வேண்டாம், அந்தக் கவிதையை மட்டும் விலக்கிக்கொள்கிறேன் என்று சப்மிட்டபிளிலேயே செய்தி அனுப்பலாம்.

நிராகரிப்பு மடல்களில் தரம் உண்டு. "இம்முறை எங்களுக்குப் பொருந்தவில்லை" என்பது எல்லாருக்கும் போவது. "இது ஏற்கப்படவில்லை என்றாலும் உங்கள் அடுத்த படைப்பைப் படிக்க விரும்புகிறோம்" என்று இருந்தால் அது மரியாதைக்காகச் சொன்னது அல்ல, குழுவில் யாரோ உங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள். அடுத்த முறை இதழ் திறக்கும்போது வேறு படைப்பை அனுப்பி, முன்பு அழைத்திருந்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். எந்த நிராகரிப்புக்கும் ஏன் என்று கேட்டுப் பதில் எழுத வேண்டாம்.

ஏற்றுக்கொண்டால்

அன்றே, பதில் மடல் எழுதிய கையோடு, அந்தப் படைப்பை மற்ற இடங்களிலிருந்து திரும்பப் பெறுங்கள். இரண்டு இதழ்கள் ஒரே கதையை ஏற்றுக்கொண்டு, ஒன்று பக்கம் அமைத்த பிறகு தெரியவந்தால் அந்த மாணவர்களின் பல நாள் உழைப்பு வீணாகும்.

பிறகு ஒப்பந்தம். வழக்கமாகக் கேட்பது முதல் வட அமெரிக்கத் தொடர் வெளியீட்டு உரிமை, அதாவது வட அமெரிக்காவில் அந்தப் படைப்பை முதலில் வெளியிடும் உரிமை. வெளியான பின் உரிமை உங்களிடமே திரும்பும், இணையக் காப்பகத்தில் வைத்துக்கொள்ள அவர்கள் அனுமதி கேட்பார்கள், அதில் தவறில்லை. எல்லா உரிமைகளையும் தருகிறேன் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல், உரிமை எனக்குத் திரும்பும் என்று சேர்க்க முடியுமா எனக் கேளுங்கள். சிறிய இதழ்கள் யோசிக்காமல் ஒரு பழைய படிவத்தை அனுப்பியிருக்கவும் கூடும், கேட்டால் மாற்றிவிடுவார்கள். ஓவியர்கள் தருவது மறுபதிப்பு அனுமதி மட்டுமே, மூல ஓவியம் உங்களுடையது.

பணம் தரும் இதழ் என்றால், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களிடம் அமெரிக்க வரிப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பல மாணவர் இதழ்கள் பணம் தருவதில்லை, இரண்டு பிரதிகள் தருவார்கள்.

அச்சுக்கு முன் மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான பக்கங்கள், வரும், திருப்பி அனுப்ப ஒரு வாரம் போலக் கொடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் புதிய பத்தி எழுதக் கூடாது, பிழை மட்டும் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் பெயரையும், மொழிபெயர்ப்பு என்றால் மூல எழுத்தாளரின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கவிதையில் பத்தி இடைவெளி பக்கத்தின் முடிவில் விழுந்து காணாமல் போயிருக்கும், அதைக் குறியுங்கள். தமிழ்ச் சொல்லைத் தானாகத் திருத்தும் மென்பொருள் வேறு ஏதோவாக மாற்றியிருக்கும், அதையும். மெய்ப்பை மின்னஞ்சலில் திருப்பும்போது பக்க எண், வரி எண், இருப்பது, இருக்க வேண்டியது என்ற வரிசையில் எழுதினால் ஆசிரியர் குழுவுக்குச் சுலபம்.

இதழ் வந்ததும் வெளியீட்டு விழாவில் வாசிக்கக் கூப்பிடுவார்கள், வளாகத்தில் இருந்தால் போங்கள், தொலைவில் இருப்பவர்களைக் காணொளியில் சேர்த்துக்கொள்ளும் இதழ்களும் உண்டு. பிரதிகளை ஊருக்கு அனுப்பச் சொன்னால் அஞ்சல் குறியீட்டு எண்ணோடும் கைபேசி எண்ணோடும் முகவரி கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு பிரதியை மூல எழுத்தாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ சேர்க்க வேண்டும். பின்னாளில் அந்தக் கதை உங்கள் தொகுப்பில் வரும்போது முதலில் வெளியிட்ட இதழின் பெயரும் வெளியான மாதமும் வருடமும் நன்றிப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அது ஒரு நிபந்தனையாகவே இருக்கும், ஆகவே அந்த விவரத்தை இப்போதே உங்கள் விரிதாளில் ஏற்றிவிடுங்கள்.